எண்ணப்படாத தீங்கு

மது அருந்துதல் தனிமனித ஒழுக்கத்தின்பாற்பட்டதா, அரசின் கவனத்துக்குரியதா என்னும் வினா புதிதன்று. வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் வைத்தார். குடி தனியொருவனின் குற்றமாக மாத்திரம் முடிவதன்று என்பது அவ்வைப்பினாற் பெறப்படும் எனலாம். அவ்வாறாயின், விதி செய்யுமுன் அரசு அறியவேண்டியது யாது?

குடியை ஆராய்வோர் பெரும்பாலும் மதுவையே அளக்கின்றனர். பதினைந்து வயதும் அதற்கு மேலும் உடையோர் ஆண்டொன்றுக்குத் தலைக்கு எத்தனை லீற்றர் தூய மதுசாரம் அருந்துகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. மதுவரிக் கணக்கில் ஏறிய சாராயத்தோடு, ஏறாத கசிப்பு முதலியவற்றையும் மதிப்பிட முயல்கின்றது. இம்முயற்சி வேண்டற்பாலதே. ஆயினும் நம் நாட்டுப் பெண்களுள் மிகப் பெரும்பாலோர் குடிப்பதில்லை. எனவே அச்சராசரி, குடியாதோர் மீதும் குடியைப் பங்கிடுகின்றது. அவர்கள் உறும் துன்பத்தையோ கணக்கிலேயே கொள்வதில்லை.

மன்னார்த் தீவின் கீரிக் கரைக்கு ஆய்வாளர் ஒருவர் வினாக்கொத்துடன் செல்வதாகக் கொள்வோம். ஒரு வீட்டிலே, குடிக்கும் கணவர் கிழமைக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று உரைக்கின்றார், யாவும் பதிவாகின்றன. அருகில் நிற்கும் மனைவியிடம், "நீங்கள் குடிப்பதுண்டா?" என வினவ, "இல்லை" என்கின்றார். அவருக்கெனப் பூச்சியம் இடப்படுகின்றது. உலை ஏறாத இரவும், பிள்ளை பள்ளி செல்லாத நாளும் அப்பூச்சியத்துள் மறைகின்றன. விடை பொய்யன்று, வினாவே குறைபாடுடையது.

இக்குறையை உணர்ந்தோரும் உளர். குடிப்போரைச் சூழ்ந்தவர்க்கு நேரும் தீங்கினையே பொருளாகக் கொண்ட பேராய்வொன்று 2010இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்தது. பின்னர் இலங்கையிலும் இத்தகைய ஆய்வு மேற்கொள்ளப்பட்டது.

ஆய்வாளர் நடுநிலை பேணவேண்டியவர்; துன்பத்தை அளக்கப் புகின் உணர்ச்சிக்கு இடமாகும் எனச் சிலர் கூறுவர். ஆனால் எவரிடம் எதனை வினவுவது எனத் தெரிவதே ஒரு மதிப்பீடன்றோ? போத்தலை மாத்திரம் எண்ணுபவரும் ஒன்றைத் தெரிந்து மற்றொன்றை விடுத்தவரே.

விடுபட்டதன் விளைவு விதியிலும் புலப்படும். 1979ஆம் ஆண்டின் விதியொன்று பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்தது. 2018 சனவரியில் அது நீக்கப்பட்டுச் சில நாள்களிலேயே மீண்டும் நிலைநாட்டப்பட்டது. பெண்கள் வாங்கலாமா என்பது நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. அவர்கள் வாங்காத மதுவால் அவர்கள் இழப்பது யாது என்பது அத்துணை விவாதிக்கப்படவில்லை.

எவ்வளவு குடித்தனர் என்பதை அறிந்த அரசு வரியை விதிக்கக்கூடும். எவர் துன்புற்றனர் என்பதை அறிந்த அரசே நீதியை நாடக்கூடும். அவ்வறிவுக்கு வழி, குடியாதவரையும் வினவுதலேயாம்.