சாட்சி சொல்ல வராதவர்

ஒரு ஹோட்டலில் சாம்பார் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அங்கே சாப்பிட்டுவிட்டு வருகிறவரைக் கேட்கிறோம். பள்ளிக்கூடத்தைப் பற்றி அங்கே படித்துத் தேறியவன் சொல்வான். வைத்தியரைப் பற்றி அவர் கையால் பிழைத்தவர் சொல்வார். இந்த உலகத்தில் நாம் வழங்கும் நற்சாட்சிப் பத்திரங்கள் எல்லாமே அனுபவித்துவிட்டுத் திரும்பி வந்தவர்களிடமிருந்து கேட்டு எழுதியவைதாம். ஆனால் போனவர் திரும்புவதே இல்லை என்று தெரிந்தே நாம் அனுப்பிவைக்கிற ஓர் இடம் உண்டு. அதன் தரத்தை யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

ஹாஸ்பிஸ் என்று அதற்குப் பெயர். இனி நோயை மாற்ற முடியாது என்று வைத்தியம் கைவிரித்த பிறகு, மிச்சமிருக்கும் நாட்களை வலியில்லாமலும் மரியாதையோடும் கழிக்க உதவும் இல்லம். சில ஊர்களில் இல்லம் என்று தனியாக ஒன்று இல்லாமல், நர்ஸும் தொண்டர்களுமாக ஒரு குழுவே வீடு தேடி வந்து அந்தக் காரியத்தைச் செய்கிறது. பம்பாயில் 1986இல் சாந்தி அவேத்னா தொடங்கியது. கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர்கள் சிலர் கூடி வலி தணிக்கும் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். இப்போது நம் பக்கத்து ஊர்களிலும் இவை வந்துவிட்டன. ஆகவே, 'அப்பாவை எங்கே வைத்துப் பார்ப்பது?' என்று கவலைப்படும் குடும்பங்களில், அடுத்த கேள்வியும் எழுகிறது: 'அந்த இடம் நல்ல இடம்தானா?'

உயில் எழுதியவர் போய்விட்டால், சாட்சிக் கையெழுத்துப் போட்டவரைக் கோர்ட்டு கூப்பிடும். இங்கேயும் அதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1982இல் சட்டம் செய்து, முதியோருக்கான அரசாங்கக் காப்பீட்டிலிருந்தே ஹாஸ்பிஸுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறார்கள். 2015 முதல், நோயாளி இறந்து சில மாதங்கள் கழித்து, அருகே இருந்து கவனித்த உறவினருக்கு ஒரு வினாத்தாள் போகிறது. கூப்பிட்டபோது உதவி வந்ததா, வலிக்கு வேண்டியதைச் செய்தார்களா, மரியாதையாக நடத்தினார்களா என்றெல்லாம் அதில் கேள்விகள். பதில்களைக் கூட்டிக் கணக்கிட்டு ஊரறியப் பிரசுரிக்கிறார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சாட்சியிடம் முழு நம்பிக்கை வராது. தாயை ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, அங்கேயே அவளைப் பறிகொடுத்தவன், 'நல்ல இடத்தில்தான் சேர்த்தேன்' என்று நம்பினால்தான் அவனுக்கு இரவில் தூக்கம் வரும். அவன் தாராளமாக மார்க்குப் போடுவான். இன்னொருவன் சாவின் மேல் இருக்கும் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல், அந்த இல்லத்தின் தலையிலே இறக்குவான். இருவருமே பொய் சொல்லவில்லை. இருவரும் தங்கள் துக்கத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். படுக்கையில் கிடந்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அதிலே பாதி விடைதான் இருக்கும்.

நண்பர் ஒருவர் தம் தாயாருக்காக இப்படி இடம் தேடிக்கொண்டிருந்தபோது, துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். அம்மாளுக்கு வயது எண்பத்தைந்து, வயிற்றிலே புற்றுநோய். இரண்டு இடங்களைப் பார்த்தோம். முதல் இடத்தில் தரை கண்ணாடி போல் மின்னியது. தோட்டமும், தியான அறையும், அறைக்கு அறை ஏ.சி.யும் இருந்தன. நிர்வாகி எங்களோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, மகனாகப்பட்டவருக்கு என்னென்ன கவலைகள் இருக்கக்கூடும் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் இதமாகப் பதில் சொன்னார். வெளியே வந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் 'உங்கள் அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது?' என்று அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. பணம் கட்டுகிறவர் ஒருவர், படுத்திருப்பவர் வேறொருவர் என்ற இந்த வியாபாரத்தில், தரை யாருக்காக மின்னுகிறது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்திருப்பவர் பார்ப்பது கூரையைத்தான்.

இரண்டாவது இடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், உலகம் இந்தத் தரத்தை அளக்க முயன்று தடுக்கி விழுந்த இரண்டு கதைகளைச் சொல்ல வேண்டும்.

முதல் கதை இங்கிலாந்திலே நடந்தது. மரணத்தின் தரம் என்று ஒரு பட்டியல் போட்டு, நாடுகளை வரிசைப்படுத்தினார்கள். 2010இல் 40 நாடுகளைப் பார்த்தார்கள், இந்தியா கடைசி. 2015இல் 80 நாடுகள், இந்தியா 67ஆவது. இரண்டு முறையும் முதல் இடம் பிரிட்டனுக்கு. ஆனால் இந்த இரண்டு பட்டியல்களுக்கும் நடுவிலே, 2013இல், அதே பிரிட்டனில் ஒரு விசாரணை நடந்தது. ஹாஸ்பிஸில் கிடைக்கும் நல்ல பராமரிப்பைச் சாதாரண ஆஸ்பத்திரிகளிலும் கொடுக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு, லிவர்பூலில் 1990களின் பிற்பகுதியில் ஒரு வழிமுறையை வகுத்திருந்தார்கள். கடைசி நாட்களில் இன்னின்னது செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதி, செய்து முடித்ததும் கட்டத்திலே குறியிட வேண்டும். நன்றாகக் கையாண்ட இடங்களில் அதனால் நிம்மதியாகக் கண்மூடியவர்கள் உண்டு. மற்ற இடங்களிலோ குறியிடுவதே காரியம் என்று ஆகிவிட்டது. அந்த முறையைக் கையாண்டதற்காக ஆஸ்பத்திரிகளுக்கு ஊக்கத் தொகையும் கிடைத்தது. தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் மறுத்தார்கள் என்று உறவினர்கள் புகார் சொன்னார்கள். நியூபெர்கர் சீமாட்டி தலைமையில் நடந்த அந்த விசாரணை, வழிமுறையையே கைவிடச் சொன்னது, 2014இல் கைவிட்டார்கள். தாளிலே எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. நாக்கு வறண்டிருந்ததா என்று பார்க்கும் கட்டத்திலும் குறி இருந்திருக்கலாம். நாக்கைப் பார்த்த கண்தான் இல்லை.

இரண்டாவது கதை கல்கத்தாவிலே. காளிகட்டத்தில் அன்னை தெரசா 1952இல் தொடங்கிய நிர்மல் ஹிருதயத்தை அறியாதவர் இல்லை. தெருவோரம் கிடந்தவர்களைத் தூக்கி வந்து, புண் கழுவி, சோறூட்டி, மனிதராகக் கண்மூட வைத்த இடம். 1994இல் 'லான்செட்' என்ற பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் அந்த இல்லத்தைப் பார்த்து எழுதினார். அங்கிருந்த சுத்தத்தையும், புண்ணுக்கு மருந்திடும் அக்கறையையும், அன்பையும் ஒப்புக்கொண்டார். ஆனால் கடும் வலியைப் போக்கும் மருந்து அங்கே இல்லை என்பதையும் குறிப்பிட்டார். ஹாஸ்பிஸ் என்ற கருத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே அதுதான் என்றார். நியாயம் பேசுவதானால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் யாருக்குமே மார்பின் வாங்குவது எளிதாக இருக்கவில்லை. அபினியை லைசென்ஸ் கொடுத்துப் பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் தேசம் இது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் வயல் வயலாகக் கசகசாச் செடி பூத்துக் கிடக்க, நோயாளிகளுக்கான மார்பினுக்குச் சீட்டுக்கு மேல் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகே வழி சற்று லேசாயிற்று.

அன்பு இருந்தது, மருந்து இல்லை. மருந்தும் முறையும் இருந்தன, பார்க்கிற கண் இல்லை. இரண்டு இடத்திலும் கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. கெட்ட எண்ணம் இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். நல்ல எண்ணம் இருக்கும் இடத்தில் குறையைத் தேடுவதுதான் கஷ்டம். தேடுகிறவனுக்கே நன்றி கெட்டவன் என்ற பெயர் வந்துவிடும்.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? இந்த இயக்கத்துக்கு வித்திட்ட சிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையாரின் வாழ்க்கையிலேயே அதற்கு விடை இருப்பதாக நான் நினைக்கிறேன். அவர் முதலில் நர்ஸ். பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்ப விஷயங்களைக் கவனிக்கும் ஊழியர். 1948இல் போலந்திலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்ற யூத நோயாளி, அவரோடு பேசிப் பேசியே தம் கடைசி நாட்களைக் கழித்தார். அவர் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலாக இருக்க விரும்பி, 500 பவுனை அவர் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அம்மையார் அதன் பிறகு வைத்தியம் படித்து, 1957இல் டாக்டரானார். லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தை 1967இல் திறந்தார். நடுவிலே பத்து வருஷம் அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? சாகக் கிடந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டார், எழுதிக்கொண்டார், ஒலிப்பதிவும் செய்தார். வலி வந்து அலறிய பிறகு மருந்து கொடுக்காமல், வலி வருவதற்கு முன்பே மணிக்கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். உடம்பு வலியோடு மனத்தின் வலியும், குடும்பத்தின் கவலையும், கடவுளிடம் கேட்கும் கேள்வியும் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்றும் சொன்னார். இவையெல்லாம் படுத்திருந்தவர்கள் சொல்லக் கேட்டு அவர் கற்றவை. சாகிறவனின் வார்த்தையை அவர் சாட்சியமாக ஏற்றுக்கொண்டார். அதுவரை வைத்திய உலகம் அதை முனகல் என்றே கருதி வந்தது.

இனி அந்த இரண்டாவது இடம். பழைய ஓட்டுக் கட்டடம். நர்ஸ் எங்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஓரத்துக் கட்டிலில் ஒரு பாட்டி கையை லேசாகத் தூக்கினாள். நர்ஸ் பாதி வாக்கியத்தில் எங்களை விட்டுவிட்டுப் போனாள்.

"என்ன பாட்டி, மறுபடியும் வந்துடுச்சா?"

"காலையிலதானே மருந்து குடுத்தே. அதுக்குள்ள சொல்லலாமோ கூடாதோன்னு பார்த்தேன்."

"நேரத்தை நான் பார்த்துக்கறேன். நீங்க வலியைச் சொல்லுங்க. நேத்து எட்டணான்னீங்க. இன்னிக்கு?"

"பன்னண்டணா இருக்கும்டி."

நர்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தாள். திரும்பி வந்தவளிடம் நான் விசாரித்தேன். "பத்துக்கு எவ்வளவுன்னு கேக்கணும் சார். பாட்டிக்கு அது பிடிபடலை. ரூபாய்க்குப் பதினாறணான்னா நல்லாத் தெரியுது" என்றாள்.

அணா போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு கிழவி தன் வலியைச் சொல்வதற்காக, அந்த இளம் பெண் அணாக் கணக்குக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஓர் இல்லத்தின் தரத்துக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சியை நான் அறியேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. புறப்படும்போது நண்பர் தாழ்ந்த குரலில், "அம்மாகிட்ட என்ன வியாதின்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். நர்ஸ், "நாங்களாப் போய்ச் சொல்ல மாட்டோம் சார். அவங்களாக் கேட்டா, பொய் சொல்லவும் மாட்டோம்" என்றாள். நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. வழியெல்லாம், முதல் இடமே தேவலை என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

யோசித்துப் பாருங்கள். அந்த நிமிஷத்தில் ஒரு வினாத்தாளை நீட்டியிருந்தால், நண்பர் அந்த இடத்துக்கு மிகக் குறைந்த மார்க்கே போட்டிருப்பார். அந்த இடம் நல்ல இடமாக இருந்ததுதான் அதற்குக் காரணம். மகனுடைய நிம்மதிக்கும் தாயினுடைய உரிமைக்கும் இடையே வழக்கு வந்தால், நல்ல இல்லம் தாயின் பக்கம் நிற்கும். அது மகனுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆகவே குடும்பத்தின் திருப்தியை மட்டும் வைத்து அளந்தால், மகனை ஏமாற்றத் தெரிந்த இல்லம் உயர்ந்ததாகவும், தாயை ஏமாற்ற மறுத்த இல்லம் தாழ்ந்ததாகவும் தெரியும். நண்பர் இரண்டு நாள் உழன்றுவிட்டு, கடைசியில் தாயாரையே கேட்டார். "ராத்திரியில கூப்பிட்டா யார் வருவாளோ அங்கே விடுடா" என்றாராம் அந்த அம்மாள். என்ன வியாதி என்று அவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த அம்மாள் சொன்னதையே நாமும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இரவு இரண்டு மணிக்கு வலிக்கிறது என்று சொன்னால் யார் வருவார்கள்? வந்தவர் கையில் மார்பின் இருக்குமா, 'டாக்டர் காலையில் வருவார்' என்ற பதில் இருக்குமா? மார்பின் கொடுத்தால் மலச்சிக்கல் வரும். கேட்காமலே அதற்கும் மருந்து சேர்த்துக் கொடுக்கிறார்களா? 'வேண்டாம்' என்று நோயாளி சொன்னால் நிறுத்துகிறார்களா? பேசும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்களா, அவர் தலைக்கு மேலாக மகனோடு பேசுகிறார்களா? இவற்றைத் தெரிந்துகொள்ள நிர்வாகியின் அறையில் உட்கார வேண்டியதில்லை. கூடத்தில் ஒரு மணி நேரம் சும்மா நின்றால் போதும்.

வாய் பேச முடியாதவர்கள் இருக்கிறார்களே, நினைவு தப்பியவர்கள், நினைவே கரைந்துபோன முதியவர்கள், அவர்களுக்கு என்ன வழி என்று கேட்கலாம். புருவம் நெரிவதும், புரட்டும்போது உடம்பு விறைப்பதும் வார்த்தைகளே. கவனித்தவருக்கு அவை விளங்கும். முன்கூட்டியே சொல்லிவைக்கவும் இப்போது வழி உண்டு. தனக்கு நினைவு தப்பினால் இன்ன சிகிச்சை வேண்டாம் என்று எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. அப்படி எழுதிய தாளைக் காட்டினால் ஓர் இல்லம் அதை வாங்கிப் படிக்கிறதா, மடித்துப் பையில் போடுகிறதா என்பதும் ஒரு சோதனை.

நம்மில் பெரும்பாலோர் எந்த இல்லத்துக்கும் போகப் போவதில்லை. நம் வீட்டு உள்ளறைகளிலேயே கண்மூடப் போகிறோம். அந்த அறைகளுக்கும் இதே அளவுகோல்தான். பழமும் பிளாஸ்க்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கட்டிலைச் சுற்றி நின்று நமக்குள்ளேயே பேசிக்கொண்டு திரும்புகிறோம். படுத்திருப்பவர் ஏதோ சொல்ல வாயெடுத்தால், 'நீங்க சிரமப்படாதீங்க' என்று அன்போடு அடக்கிவிடுகிறோம். செத்த பிறகு அவர் சாட்சி சொல்ல வரப்போவதில்லை. இன்றைக்கு அவருக்கு வாய் இருக்கிறது. எத்தனை அணா வலிக்கிறது என்று கேட்பதற்கு ஒரு நாற்காலியும் கொஞ்சம் நேரமும் போதும்.