இறந்தார் என்று யார் சொல்வது?

புதுச்சேரியின் பூரணாங்குப்பத்தில் ஒருவர் காலமானால் இறப்பைப் பதிவது அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து. அந்தச் சான்றிதழோடு குடும்பத்தார் ரேஷன் கார்டில் பெயர் நீக்க ஓரிடம், பட்டா மாற்ற ஓரிடம், வாக்காளர் பட்டியலைத் திருத்த வேறிடம் என்று படியேறுகிறார்கள். குடிமைப்பொருள் வழங்கல் துறைக்கு அவர் ஒரு பங்கு அரிசி. வருவாய்த்துறைக்குப் பட்டாதாரர். தேர்தல் துறைக்கு ஓர் ஓட்டு. இவர்களில் அசல் மனிதர் யார்?

எல்லாருமே அசல்தான் என்பார்கள் சமணர். ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு, எந்தக் கூற்றும் தன் கோணத்தில்தான் மெய் என்பது அநேகாந்தவாதம். எரிக் எவன்ஸ் 2003-இல் வெளியிட்ட ‘டொமைன்-டிரிவன் டிசைன்’ நூல் மென்பொருளுக்குக் காட்டிய வழியும் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. வாடிக்கையாளர் என்றால் விற்பனைப் பிரிவு நினைப்பது வேறு, கணக்குப் பிரிவு நினைப்பது வேறு. இரண்டையும் ஒரே அச்சில் வார்க்காமல் எல்லை போட்டுப் பிரிக்கச் சொன்னது அந்த நூல்.

ஆனால் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதற்குக் கோணத்துக்கு ஒரு பதில் இருக்க முடியாது. அதைச் சொல்லும் உரிமை ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் புராணத்திலும் கணக்கு எழுதுவது சித்திரகுப்தன், உயிரைக் கவர்வது எமன். எமன் ஏட்டில் கைவைப்பதில்லை.

இந்த எல்லை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப்பிரதேசத்து ஆசம்கர் மாவட்டத்தின் லால் பிகாரி சாட்சி. நிலத்துக்காக உறவினர் செய்த சூழ்ச்சியில் 1970களில் வருவாய் ஏடு அவரை இறந்தவராக்கியது. நிலம் யாருடையது என்று எழுதத்தான் அந்த ஏட்டுக்கு உரிமை; மரணம் அதன் சரக்கே அல்ல. பெயரோடு ‘மிருதக்’, அதாவது இறந்தவர், என்று சேர்த்துக்கொண்டு, தன்னைப் போன்றவர்களுக்குச் சங்கமும் அமைத்துப் போராடினார். ஏட்டில் உயிர் பெற்றது 1994-இல்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் திருத்தம் 2023 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. தேசியத் தரவுத்தளத்திலுள்ள பதிவுகளை, மத்திய அரசின் ஒப்புதலோடு, ரேஷன், ஆதார், வாக்காளர் பட்டியல் அதிகாரிகளுக்குக் கொடுக்க வழி செய்கிறது. படியேறும் அலைச்சல் குறைந்தால் நல்லதுதான். பிழையும் அதே வேகத்தில் பரவும் என்பதுதான் கவலை. 1969-ஆம் ஆண்டின் மூலச் சட்டம் இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது: பிழையான பதிவை அழிக்காமல், ஓரத்தில் திருத்தம் எழுதி, பதிவாளர் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். ஓரத்தில் எழுதிய அந்தத் திருத்தமும், தவறான செய்தி போன அத்தனை அலுவலகங்களுக்கும், குடும்பத்தார் அலையாமலே போய்ச் சேர வேண்டும்.