நாலறிவுயிரும் நம் அறிவு வேட்கையும்

ஓருயிருக்கு நோவு செய்து ஒருவர் பெற்ற அறிவை, அந்நோவைச் செய்யாத நாம் மகிழ்ந்து ஏற்கலாமா? வண்ணத்துப்பூச்சிகளின் நெடும்பயணம் பற்றிய ஆராய்ச்சிகளைப் படித்துவருங்கால் இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்தது. இம்சையைச் செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்றாகப் பகுத்து, மூன்றையும் விலக்கச் சொல்லும் மரபில் வந்த நமக்கு இஃது எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று.

வட அமெரிக்காவில் மோனார்க் என்றொரு வண்ணத்துப்பூச்சி உண்டு. நம் ஊர் எருக்கஞ்செடியில் முட்டையிடும் வெந்தய வரியனுக்கு அது நெருங்கிய உறவு. எடை அரை கிராம் அளவே. இலையுதிர் காலத்தில் இவை கனடாவிலிருந்து கூட்டங்கூட்டமாகத் தெற்கே பறந்து மறையும். அவ்வாறு செல்பவை அதற்குமுன் அவ்வழியே சென்றவை அல்ல. முந்தைய வசந்தத்தில் தெற்கிலிருந்து புறப்பட்டவற்றின் பேரப்பிள்ளைகளோ, அவர்தம் பிள்ளைகளோ ஆகும். இவை எங்கே சென்று குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்பதை அறிவியலார் நெடுங்காலம் அறிந்திலர்.

டொராண்டோ நகரின் விலங்கியல் பேராசிரியர் பிரெட் உர்குவார்ட்டும் அவர்தம் துணைவியார் நோராவும் பூச்சியின் சிறகிலேயே முகவரிச் சீட்டு ஒட்டி அனுப்பத் துணிந்தனர். அஞ்சல்தலை போலப் பசை தடவிய சீட்டுகள் மழையில் கழன்றுபோயின. பின்னர், கடைகளில் விலை குறிக்க ஒட்டும் சீட்டு வகை பயன்பட்டது. 1952இல் நோரா அம்மையார் இதழொன்றில் எழுதித் தொண்டர்களை அழைத்தபோது முன்வந்தோர் 12 பேரே. 1975 சனவரியில், அவர்களுடைய தொண்டர்களான கென் பிரக்கரும் கத்தலினா அகுவாதோவும் மெக்சிகோவின் மலைக்காடொன்றில் மரந்தோறும் கோடிக்கணக்கில் அப்பிக்கிடந்த மோனார்க்குகளைக் கண்டனர். (அம்மலையடிவாரத்து உழவர்கள் அவற்றை வழிவழியாக அறிந்தே இருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும்.) மறு ஆண்டு உர்குவார்ட் அங்கே சென்றிருந்தபோது, பூச்சிகளின் பாரந் தாங்காது கிளையொன்று ஒடிந்து விழுந்தது. அரை கிராம் உயிர்கள் ஒரு கிளையை முறித்தன! விழுந்தவற்றுள் ஒன்றின் சிறகில் சீட்டு இருந்தது. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், மின்னசோட்டாவில் ஒட்டிய சீட்டு அது.

சீட்டு ஒட்டுமுன் சிறகின் முன்விளிம்பிலுள்ள செதில்களைச் சிறிது தேய்த்து நீக்கவேண்டும். துன்பம் சிறிதே. அதனால் விளைந்த பயனோ பெரிது. இடம் தெரிந்ததனாலன்றோ அக்காடுகள் 2000ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாகவும், 2008இல் உலக மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பெற்றன! இச்செயலைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. பகலெல்லாம் இடம் மாறும் கதிரவனைக் கொண்டு இப்பூச்சி எவ்வாறு தென்திசையை விடாது பற்றுகிறது? மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் ஸ்டீவன் ரெப்பர்ட் குழுவினர் 2009இல் விடை கண்டனர். நேரத்தைக் கணித்துத் திசையைத் திருத்தும் கடிகாரம் அதன் உணர்கொம்புகளில் உள்ளது. எவ்வாறு கண்டனர்? சில பூச்சிகளின் உணர்கொம்புகளை நீக்கினர். அவை வலிமையாகப் பறந்தும் திசைக்கொன்றாய்ச் சென்றன. வேறு சிலவற்றின் உணர்கொம்புகளில் கறுப்பு வண்ணம் பூசி ஒளியை மறைத்தனர். அவை தவறான திசையில் பறந்தன.

இம்முடிவைப் படித்து வியந்தோம். வியந்தது உடன்பட்டதாகுமா? உண்மையைத்தான் வியந்தோம், வழியை அன்று என்று கூறித் தப்பலாம். பட்டுடுத்தும் நம் பெண்மக்களும் அவ்வாறே கூறுவர். புழுவைக் கொதிநீரில் இட்டவர் வேறொருவர் அல்லரோ? எனினும் ஒரு வேறுபாட்டைக் காண்கிறோம். நாம் ஒரு பட்டுச் சேலை வாங்கினால் அடுத்த கூடு கொதிநீரில் விழுகிறது. ஒருமுறை அறிந்த உண்மையைப் படிப்பதனால் அடுத்த உணர்கொம்பு வெட்டுப்படுவதில்லை. அதே சோதனையைப் பாடத்துக்காக மீண்டும் மீண்டும் செய்விப்பதுதான் பட்டு வாங்குவதை ஒத்தது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பூச்சிகளை ஊசியிற் குத்தித் தொகுப்புச் செய்யப் பணித்தபோது, விளக்கடியில் இறந்துகிடந்தவற்றையே பொறுக்கிச் சேர்த்தோம். மதிப்பெண் சிறிது குறைந்தது, கற்றது குறையவில்லை. ஆயினும், முதன்முதல் வெட்டப்பெற்ற அந்த நாலறிவுயிருக்கு இவ்வேறுபாட்டால் ஆறுதல் ஏதும் இல்லை என்பதையும் மறுக்கமாட்டோம்.

விளக்கடிப் பூச்சி என்றதும் பிறிதோர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. பூச்சிகள் விளக்கொளியை நாடி வருகின்றன என்றே நாம் கற்பித்துவந்தோம். இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்தோர் உள்ளிட்ட குழுவினர், அதிவேகப் படக்கருவிகளால் ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட முடிவு வேறு. பறக்கும் பூச்சி தன் முதுகை ஒளிமிகுந்த பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறது. இயற்கையில் அப்பக்கம் வானம். எனவே அது நிலைகுலையாது பறக்கும். விளக்கருகே முதுகை விளக்குக்குத் திருப்பியதும் அதன் பாதை வளைந்து, விடுபட இயலாமல் சுற்றுகிறது. மேல்நோக்கி ஒளிவீசும் விளக்கின்மேற் சென்றவை தலைகீழாகக் கவிழ்ந்து விழுந்தன. பெரும்பகுதி படமெடுத்தே பெற்ற அறிவு இது.

பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் இல்லங்களுக்கு இச்செய்தி புதிய பொருள் தருகிறது. இரவுணவை விலக்கினோம், விளக்கை விலக்கினோமா? ஆலயத் திருவிழாக்களில் கோபுரம் பொலியவேண்டித் தரையிலிருந்து மேல்நோக்கி விளக்குகளைப் பொருத்துகிறார்கள். விடியற்காலையில் அவற்றைச் சூழ்ந்து கிடப்பவற்றைப் பெருக்கித் தள்ளியபின்னரே நாம் வழிபடச் செல்கிறோம். அவ்விளக்குகளுக்கு மூடியிட்டுக் கீழ்நோக்கித் திருப்பவும், பூசை முடிந்தவுடன் அணைக்கவும் பெருஞ்செலவு ஆகாது. அடுத்த விழாக்குழுக் கூட்டத்தில் இதனை எழுப்ப எண்ணியுள்ளோம். கோபுரம் இருளில் நிற்பதோ என்று கேட்போர்க்கு விடையும் ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறோம்.