கேளாதவருக்கும் சொல்ல வேண்டுமா?

ஹுத்தான் மெலிந்தாங்கில் நம் கடைக்கு நெடுநாளாக வரும் பெரியவர் ஒருவர், சென்ற மாதம் சாமான் வாங்காமல் கல்லாவருகே தயங்கி நின்றார். "தம்பி, நீ மதரஸாவில் ஓதியவன். என் தொழுகை கூடுமா, சொல்" என்றார்.

சங்கதி இதுதான். மேல்தாடைக் கடைவாய்ப் பற்கள் விழுந்து நாளானால், அவற்றைத் தாங்கிய எலும்பு கரைந்து மெலிந்துவிடும். அதற்கு மேலே, கன்னத்துக்குள் காற்றறை ஒன்று உண்டு. ஆகவே டைட்டானியத் திருகு நட்டுச் செயற்கைப் பல் பொருத்த அங்கே எலும்பு போதாது. வைத்தியர் அக்காற்றறையின் அடிச்சவ்வை மெல்ல உயர்த்தி, இடையில் எலும்புத் துகளை நிரப்புகிறார். துகள் பந்தல் போன்றது. நம் சொந்த எலும்பே கொடிபோல் அதைப் பற்றிப் படர்ந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் கெட்டிப்படுகிறது.

பாய்ன், ஜேம்ஸ் என்ற இருவர் 1980-ல் இம்முறையை எழுதி வெளியிட்டபோது, வைத்தது நோயாளியின் சொந்த எலும்பு. இன்றோ தானம் பெற்ற மனித எலும்பு, மாட்டெலும்பு, பன்றியெலும்பு, செயற்கைக் கால்சியம் எனப் பலவகைத் துகள்கள் விற்பனைக்கு உண்டு. மாட்டெலும்புத் துகள் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடும். பெரியவரிடம் எதை வைத்தோம் என்று எவரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவி அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் இதையொத்த மஸ்அலாவை வைத்திருக்கிறார்கள். தூய பொருள் கிடைக்காமல் நஜீஸைக் கொண்டு எலும்பை இணைத்தவருக்கு மன்னிப்புண்டு. கிடைத்தும் அவ்வாறு செய்தவர், பெருந்தீங்கு அஞ்சாதவரை, அதை எடுத்துவிட வேண்டும். ஆயினும் தீர்ப்புச் சொல்ல நாம் ஆலிமல்லர். "முதலில் வைத்தியரிடம் கேளுங்கள், பிறகு ஆலிமிடம் போகலாம்" என்றோம். விசாரித்ததில் செயற்கைத் துகள் என்று பதில் வந்தது. பெரியவர் முகம் மலர்ந்தது. நமக்கோ அன்றிரவு உறக்கமில்லை.

காரணம், "கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே" என்பது நம் வாயிலும் வந்த சொல். பன்றி, நாய் இவற்றின் உறுப்பால் செய்த சரக்கை அடையாளமிட்டு விற்கவேண்டுமென 2013-ல் நம் நாட்டில் ஆணை பிறந்தது. 2017-ல் பன்றிமயிர்த் தூரிகைகளை அதிகாரிகள் கடைகடையாகப் பறிமுதல் செய்தனர். அதற்கு முன் நம் கடையிலும் தூரிகைகள் தொங்கின. பலகாரத்தில் நெய் தடவப் பெண்கள் வாங்கிப் போனார்கள். எந்த மயிரென்று மொத்த வியாபாரியிடம் நாம் கேட்கவில்லை. வாங்கியவர்களும் நம்மிடம் கேட்கவில்லை. முஸ்லிம் கடை என்று நம்பியே கேட்கவில்லை!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது, அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று விற்றவரைத்தான் வினவினார்கள். வாங்க வந்தவர் ஏன் கிளறிப் பார்க்கவில்லை என்று கேட்கவில்லை. கேட்பது வாங்குபவரின் உரிமை, சொல்வது விற்பவரின் கடமை. உரிமையைப் பயன்படுத்தாதவர் நம் கடமையை ரத்துச் செய்துவிடுவதில்லை.

தூரிகையைத் தெரிந்த அன்றே வீசிவிடலாம். எலும்போடு எலும்பாய்ப் போனதை எப்படி வீசுவது? ஆகவே வைத்தியர் முன்கூட்டியே சொல்லட்டும். நாமும் சரக்கின் மூலத்தை விசாரித்தறிந்து, கேளாதவருக்கும் சொல்வோமாக. வல்ல அல்லாஹ் தவ்பீக் அளிப்பானாக, ஆமீன்.