கடற்கரையில் இருந்தாலும்

கடல்நீரில் வுழூச் செய்கிறவர் தண்ணீரை வீண்விரயம் செய்ய முடியுமா? ஒலுவில் துறைமுகத்தைப் பார்த்தபடி வாழ்கிற எங்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. கடல்நீர் சுத்தப்படுத்தும் நீர்தான் என்று நபி (ஸல்) அவர்களே தெளிவாக்கிவிட்டார்கள். தோணியில் இருக்கும் மீனவர் எவ்வளவு மொண்டாலும் கடல் குறையப் போவதில்லை. ஆனாலும், எங்கள் ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாமான நவவி, ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், கடற்கரையில் இருந்தாலும் தண்ணீரை வீணாக்குவது தடுக்கப்பட்டது என்பதில் உலமாக்கள் ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்று எழுதுகிறார்.

குறையாத ஒன்றை வீணாக்குவதில் என்ன பாவம்? யாருக்கு நட்டம்?

என் வாப்பா கடலுக்குப் போனவர். துறைமுகம் வருவதற்கு வெகுகாலம் முன்பு, வெறும் மணற்கரையிலிருந்து தோணி தள்ளிய தலைமுறை. வீட்டில் அவருக்கென்று ஒரு பித்தளைக் கிண்டி இருந்தது. அதன் மூக்கு வழியாக நூல்போலத்தான் தண்ணீர் வரும். முகம், கை, கால் எல்லாம் மும்மூன்று தடவை கழுவிய பிறகும் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அதை வாழையடியில் ஊற்றிவிட்டு உள்ளே வருவார். கடலிலும் ஒரு சிரட்டையால் அளந்துதான் மொள்ளுவாராம். "கடல்தான் குறையாதே வாப்பா" என்று சிறு வயதில் கேட்டேன். "கடல் குறையாது புள்ள, கை பழகிரும்" என்றார்.

எனக்கு இன்றுவரை இதைவிட நல்ல விடை கிடைக்கவில்லை. ஸஅத் (ரழி) அவர்கள் வுழூச் செய்கையில் நபியவர்கள் அவ்வழியே வந்து, இது என்ன விரயம் என்று கேட்டதாகவும், வுழூவிலுமா விரயம் என்று அவர் வியந்தபோது, ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் விரயம் விரயம்தான் என்று விளக்கியதாகவும் இப்னு மாஜாவில் ஒரு அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடம் விமர்சனம் இருக்கிறது. ஆனால் நபியவர்களுடைய நடைமுறை புகாரியிலும் முஸ்லிமிலும் ஐயமின்றிப் பதிவாகியிருக்கிறது: ஒரு முத்து தண்ணீரில் வுழூ, ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையில் குளிப்பு. நடுத்தர மனிதர் ஒருவரின் இரு கையும் சேர்ந்த அள்ளல்தான் ஒரு முத்து. இன்றைய கணக்கில் முக்கால் லீட்டருக்கும் குறைவு. குளிப்புக்கு மூன்றரை லீட்டர் போதுமானதாக இருந்திருக்கிறது.

எங்கள் வீட்டுப் பைப்படியில் பேரன் வுழூச் செய்யும்போது கீழே வாளியை வைத்துப் பார்த்தேன். தலையைத் தடவும்போதும் காதைத் துடைக்கும்போதும் பைப் திறந்தபடியே இருந்தது. பத்து லீட்டர் வாளி நிரம்பி வழிந்தது. ஐந்து வேளைக்கு ஐம்பது லீட்டர், ஒரு பிள்ளைக்கு மட்டும். அவன் மேல் குறையில்லை. கிண்டி தானாகவே காட்டிய அளவைப் பைப் காட்டுவதில்லை. அந்த அளவை இனி நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பள்ளிவாசலில் விடயம் இன்னும் கடுமையானது. சொந்தத் தண்ணீரில் மூன்று தடவைக்கு மேல் கழுவுவது மக்ரூஹ்; வுழூவுக்கென வக்ஃபு செய்யப்பட்ட தண்ணீரில் அப்படிச் செய்வது ஹராம் என்பது எங்கள் மத்ஹபின் சட்டம். அது எல்லோருக்கும் உரிய அமானிதம். இன்னொரு சட்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்: கையிலிருக்கும் தண்ணீர் ஒரு மனிதரின் தாகத்துக்குத் தேவைப்பட்டால், ஏன், ஒரு பிராணியின் தாகத்துக்குத் தேவைப்பட்டால்கூட, அதைக் குடிக்கக் கொடுத்துவிட்டு மண்ணில் தயம்மும் செய்து தொழலாம். ஓர் ஆட்டின் தாகத்துக்காக வுழூவையே விட்டுக்கொடுக்கிற மார்க்கம், வுழூவின் பெயரால் தண்ணீரைக் கொட்டுவதை எப்படி ஏற்கும்?

எங்கள் கரையில் தண்ணீர் குறையாது என்பதும் உண்மையல்ல. மணலுக்கடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. மேலே ஓரடி இறங்கினால், கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறிவரப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு, கடல்நீர் புகுந்த கிணறுகளைத் துப்புரவாக்க மோட்டார் போட்டு அளவுமீறி இறைத்த இடங்களில், அடியிலிருந்த உப்புநீரே மேலேறி வந்தது. துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதற்கு வடக்கே கரை அரித்துத் தென்னங்காணிகள் கடலுக்குள் போயின. கரை பின்வாங்கினால் நன்னீரின் எல்லையும் பின்வாங்கும்.

இருந்தும் இந்த உப்புக் கணக்கை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். பற்றாக்குறைக்குப் பயந்து சேமிக்கிறவர், மாரி பிறந்து களியோடை புரண்டு ஓடத் தொடங்கியதும் பைப்பைத் திறந்துவிடுவார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டும் நினைவுக்கு வருகிற சிக்கனம் இபாதத் ஆகாது. தேவைக்கு மேல் எடுக்காதே என்ற கட்டளை தண்ணீரின் இருப்பைப் பார்த்துப் பிறந்ததல்ல. எடுக்கிற கையைப் பார்த்துப் பிறந்தது. அல்லாஹ் தந்ததை அளவோடு எடுப்பதும் வணக்கத்தின் ஒரு பகுதிதான்.

ஆகவே தாய்மாரிடம் கேட்கிறேன்: பிள்ளைக்கு வுழூப் பழக்கும்போது பைப்படிக்கு அனுப்பாமல் ஒரு கிண்டியையோ போத்தலையோ கையில் கொடுங்கள். கழுவிய தண்ணீர் மரத்தடிக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டுங்கள். பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களிடம் கேட்கிறேன்: ஒழுகும் பைப்பின் வாஷரை இன்றே மாற்றுங்கள், வுழூத் தண்ணீரைக் கானுக்குள் விடாமல் தென்னைக்குத் திருப்புங்கள். கோடை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கிணறு நிரம்பி நிற்கிற மாரியிலேயே தொடங்குங்கள்.