வாகனமும் அமானிதமும்

கருவிக்குப் பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. அதை ஏந்துபவனின் எண்ணமே எல்லாம் என்பர். நிய்யத்தைக் கொண்டே செயலை நிறுக்கும் மரபில் வந்த நமக்கு இக்கூற்று இனிக்கவே செய்யும். ஆனால், அது முழு உண்மைதானா?

பிக்கப் வண்டியை வைத்தே இதனை ஆராய்வோம். முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த தட்டு. அவ்வளவே அதன் அமைப்பு. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களின் சாமையும் புளியும் பலாவும் சமவெளிச் சந்தைக்கு இறங்க இத்தகைய வண்டிகளே துணை. அவற்றின் வருகை கண்டு அங்கு எவரும் அஞ்சுவதில்லை.

இதே வகை வண்டிதான் ஆப்பிரிக்காவில் ஒரு போருக்கே பெயர் தந்தது. 1987-இல் சாட் நாட்டுப் படையினர் டொயோட்டா பிக்கப்புகளில் மிலான் ஏவுகணைகளை ஏற்றிப் பாலைவனத்தில் விரைந்து, டாங்கிகளும் விமானங்களும் கொண்ட லிபியப் படையை ஃபாதாவிலும் வாதி தூமிலும் முறியடித்தனர். 'டொயோட்டாப் போர்' என்றே அது வழங்கலாயிற்று. பின்னர் சோமாலியாவிலும் சிரியாவிலும் இவ்வழக்கம் பரவியது. குறைந்த விலை, கரடுமுரடான பாதையிலும் ஓடும் வலிமை, எளிதில் கிடைக்கும் உதிரிப் பாகம்: உழவன் நாடிய குணங்களையே போராளியும் நாடினான். நம் அண்டையிலும், 1991 ஜூலையில் ஆனையிறவுப் போரில், மண்ணைச் சமன் செய்யும் புல்டோசருக்கு இரும்புக் கவசம் பூட்டி முகாமை நோக்கிச் செலுத்தினர் விடுதலைப் புலிகள்.

கலகக்காரருக்கு ஆயுதம் விற்பதை வெறுத்த ஹனஃபிச் சட்டநூலாகிய 'ஹிதாயா', தொழில்வினையின்றி ஆயுதமாகாத பொருளை விற்பதற்கு அந்த வெறுப்பைப் பொருத்தவில்லை. பிக்கப்போ இரும்புக்கும் வாளுக்கும் இடையே நிற்கிறது. அதனை ஆயுதமாக்கச் சிறிது பற்றவைப்பு வேலையே போதும். எனவே விற்பவனைக் காட்டிலும், அந்த வேலையைச் செய்விப்பவன்மீதே பொறுப்பு மிகுதியாக விழுகிறது.

தன் மண்ணை மீட்க வலியற்றவன் கையிற் கிட்டியதை எடுத்தல் குற்றமாகாது. பீரங்கியை வெளிப்படையாக நிறுத்திய வண்டி, தான் யாரென்பதை மறைப்பதில்லை. அதே பீரங்கியைத் தார்ப்பாயால் மூடி, சந்தை வண்டிகளோடு கலந்து செல்லும்போதுதான் தீமை பிறக்கிறது.

குடிமக்களின் பயனுக்குரிய பொருளைப் பற்றி ஐயம் எழுந்தால், அது போருக்குரியதன்று என்றே கொள்ளவேண்டும் என்பது 1977-ஆம் ஆண்டின் ஜெனீவாக் கூடுதல் உடன்படிக்கை வகுத்த நெறி. ஆயினும் 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளைக் காரை வெடிகுண்டு வண்டி எனக் கருதி அமெரிக்க ஆளில்லா விமானம் தாக்கிற்று. மாண்டவர் பத்துப் பேர்; அவருள் எழுவர் குழந்தைகள். அது பிழையென அந்நாட்டு இராணுவமே பின்னர் ஒப்புக்கொண்டது.

சாதாரண வண்டி சாதாரண வண்டியே என்னும் நம்பிக்கை, தனியொருவனின் உடைமையன்று. சாலையில் செல்வோர் அனைவருக்கும் பொதுவான அமானிதம். தன் வண்டியில் ஆயுதத்தை ஒளிப்பவன் அதனைத் தனக்கெனச் செலவழிக்கிறான். கடனைத் தீர்ப்பவனோ, அவனை ஒருபோதும் அறியாத வழிப்போக்கன். வெறும் ஐயத்தின்மேல் சுடுபவனும் அதே அமானிதத்தைச் சிதைக்கிறான். 'என் நோக்கம் நன்று' என்னும் விடை இவ்விருவரையும் காவாது. ஏனெனில், நிய்யத்து அவரவருடையது, அமானிதமோ பிறருடையது.