வேடிக்கை பார்ப்பவர்கள்

வேடிக்கை பார்ப்பதில் பாவம் ஏதும் இல்லை என்பது நம் எல்லோருடைய அபிப்பிராயம். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு.

மின்சாரம் விளக்கேற்ற வருவதற்கு வெகு காலம் முன்பே வேடிக்கை காட்ட வந்துவிட்டது. கண்ணாடி உருண்டை ஒன்றைச் சக்கரத்தால் சுழற்றுவார்கள். அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துவார்கள். உரசலில் பிறந்த மின்சாரத்தைக் கண்ணாடிச் சாடி ஒன்றில் சேர்த்துவைப்பார்கள். லைடன் நகரத்தில் இந்தச் சாடியைச் சோதித்த பேராசிரியர் முஸ்ஸன்புரூக், அதிர்ச்சியைத் தம் உடம்பிலேயே வாங்கிக்கொண்டார். பிரான்சு ராஜ்யத்தையே கொடுத்தாலும் இன்னொரு முறை இதற்குத் துணியமாட்டேன் என்று 1746இல் கடிதம் எழுதினார்.

அதே ஆண்டில், அதே பிரான்சில், நோலே என்ற பாதிரியார் 180 காவல் வீரர்களை வரிசையாகக் கைகோத்து நிற்கவைத்தார். சாடியின் மின்சாரம் பாய்ந்ததும் அத்தனை பேரும் ஒரே கணத்தில் துள்ளினார்கள். பதினைந்தாம் லூயி மன்னர் முன்னிலையில் நடந்த காட்சி இது. துள்ளியவர்கள் வீரர்கள், ரசித்தவர் மன்னர்.

நம் தஞ்சாவூருக்கும் இப்படி ஒரு மின்பொறி வந்தது. 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த சரபோஜி, புத்தகங்களைச் சேர்த்த அதே ஆவலோடு விஞ்ஞானக் கருவிகளையும் சேர்த்தார். நூலகத்தின் பக்கத்தில் இருந்தால் பொறி ஒரு பாடம். சபை நடுவே வந்தால் அதுவே கூத்து. பொறியின்மேல் குற்றம் இல்லை. அதிர்ச்சி யாருக்கு, ஆனந்தம் யாருக்கு என்பதுதான் கேள்வி.

அந்தச் சபை கலைந்துவிட்டதா? சென்னையின் வடகோடியில், மணலியிலிருந்து எண்ணூர்ப் பக்கம் பாருங்கள். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். எரிந்த நிலக்கரியின் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய்களில் அனுப்புகிறார்கள். குழாய் கசிந்தபோதெல்லாம் அது கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்தது. இறாலும் மீனும் தேடி அங்கே இறங்குகிறவனின் காலடியில் சாம்பல். நகரத்துக் கூடத்தில் விளக்கு.

“அப்படியானால் மின்சாரமே வேண்டாம் என்கிறீரா?” என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நானும் மின்விசிறியின் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆனால் முஸ்ஸன்புரூக்குக்கு அந்தச் சாடியின் விலை தெரிந்திருந்தது, தொட்டவர் அவர். லூயி மன்னருக்குத் தெரிய வழியில்லை. நாம் மன்னரின் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறோம். எழுந்து போய் அந்த வரிசையில் நிற்க மனம் வராவிட்டாலும், நிற்கிறவன் “வலிக்கிறது” என்று சொல்லும்போது, அவன் வேடிக்கையைக் கெடுக்கிறான் என்று சலித்துக்கொள்ளாமலாவது இருக்கலாம்.